பங்காளியா, தொழிலாளியா? உடப்புக் கரைவலையின் கணக்கு

தொழிலாளர் வரலாறு என்றதும் நாங்கள் மலையகத் தோட்டங்களுக்கோ கொழும்புத் துறைமுகத்துக்கோதான் போய்விடுகிறோம். சங்கம், வேலைநிறுத்தம் எல்லாம் அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. புத்தளம் கடற்கரையிலும் முதலாளி இருக்கிறார், உழைப்பவர் இருக்கிறார். ஆனால் அவர்களை யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஒருவர் சம்மாட்டி, மற்றவர் பங்குக்காரர். எங்கட கேள்வியே இந்தப் பெயரில்தான் தொடங்குது.

சிலாபத்துக்கு வடக்கே, முந்தல் களப்புக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது உடப்பு. கரைவலைக்குப் பேர்போன தமிழ்க் கிராமம். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு, தோணியில் போய் வலையை அரைவட்டமாக இறக்கி, மறுமுனையோடு திரும்புவார்கள். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று அம்பா பாடி இழுப்பார்கள். முன்பு ஒரு வலைக்கு 30, 40 பேர்கூட வேண்டியிருந்தது.

வலை, தோணி, கயிறு, வலை போடும் ‘பாடு’ எல்லாம் சம்மாட்டியின் கையில். மீன் விற்ற காசில் முதலில் செலவு கழியும். மிச்சத்தில் சம்மாட்டிக்கு ஒரு பங்கு, மீதி இழுத்தவர்களுக்கு. விகிதம் கரைக்குக் கரை மாறும். கேட்க நியாயமாகத்தான் இருக்கு: பட்டால் எல்லாருக்கும், படாவிட்டால் யாருக்கும் இல்லை. ஆனால் மடி வெறுமையாக வந்த நாளிலும் சம்மாட்டிக்கு வலை மிஞ்சும். இழுத்தவருக்கு அன்றைய உழைப்பே போச்சு. நட்டத்தில் எல்லாரும் பங்காளி, கணக்குப் புத்தகத்தில் ஒருவர் மட்டும்.

அடுத்தது முற்பணம். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அடுப்பெரிய, கலியாணத்துக்கு, வைத்தியத்துக்கு என்று சம்மாட்டியிடம்தான் போகவேண்டும். இதை வெறும் சுரண்டல் என்று சொல்லிவிட்டுப் போக எங்களால் முடியவில்லை. வங்கி கொடுக்காததை அவர் கொடுத்தார், பல நேரம் சொந்தக்காரரும் அவர்தான். ஆனால் கடன் தீரும்வரை வேறு வலைக்குப் போவது லேசில்லை. மாமா முறையான ஒருவரிடம் கணக்குக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

சட்டம் என்ன செய்தது? 1941இல் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் வந்தது. 1958இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தது. இரண்டுக்கும் அடிப்படை சம்பளமும் பதிவும். எழுத்தில் ஒன்றுமே இல்லாமல் பங்குக்கு உழைப்பவரை இவை லேசில் எட்டுவதில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2007ஆம் ஆண்டு 188ஆம் சமவாயம், பங்குக்கு வேலை செய்பவரையும் மீன்பிடித் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் அது படகில் இருப்பவருக்கு. மணலில் நின்று கயிறு இழுப்பவர் அங்கேயும் வெளியேதான்.

பிறகு உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் வலையை இழுக்க வந்தது. கடலடிக்கு அது கேடா என்ற விவாதம் நடக்கிறது, நடக்கட்டும். அதோடு இன்னொன்றையும் கேட்கவேண்டும்: தேவைப்படாமல் போனவர்களுக்கு என்ன கிடைத்தது? பங்காளி என்றால் இயந்திரத்தின் இலாபத்திலும் பங்கு வேண்டும். தொழிலாளி என்றால் நட்டஈடு வேண்டும். இரண்டும் இல்லையென்றால், இத்தனை காலம் அவர்களை நாங்கள் என்னவென்று அழைத்தோம்?