முன்பணமும் முறிந்த ஒப்பந்தமும்

பிழைப்பை நாடி ஊரைவிட்டு வந்த நாம், தலைநகரில் காலூன்றிய நாள்முதல் எத்தனையோ தாள்களில் கையொப்பமிட்டிருக்கிறோம். வீட்டு வாடகை, தவணைச் சாமான், பிள்ளைகளின் பயிற்சி வகுப்பு என ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒப்பந்தம். மொழியோ வேற்றுமொழி, எழுத்தோ பொடி எழுத்து. பின்னர் விலக நேரும்போது, ‘கொடுத்த பணம் திரும்பாது’ என்னும் ஒரு வரி நம் வாயை அடைத்துவிடுகிறது. அவ்வரிக்கு எவ்வளவு வலிமை உண்டு? இத்தில்லி மாநகரில் எழுந்த ஒரு வழக்கே அதற்கு விடை கூறுகிறது.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. வஞ்சனையாலோ வற்புறுத்தலாலோ இசைந்தவர் அவ்வொப்பந்தத்தைத் தள்ளிவிடலாம் என்றது அச்சட்டம். ஒப்பந்தத்தை முறித்தவர் இன்ன தொகை தரவேண்டுமென்று முன்னரே எழுதியிருப்பினும், அத்தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடே கிடைக்கும் என்பது அதன் 74ஆவது பிரிவு.

1949 மார்ச்சு மாதம், தில்லி அலிப்பூர் சாலையில் ஒரு மனையை 1,12,500 ரூபாய்க்கு விற்க ஒப்பந்தமாயிற்று. அன்றே 1,000 ரூபாய் முன்பணம். மனை கைக்கு வந்தபோது மேலும் 24,000 ரூபாய். விற்பனை முற்றுப்பெறவில்லை. விதிப்படி 25,000 ரூபாயும் தமக்கே உரியது என்றார் விற்பவர். விலையில் பத்திலொரு பங்கை வைத்துக்கொள்ளலாம் என்றது உயர்நீதிமன்றம். உச்ச நீதிமன்றமோ 1963 சனவரியில் வேறு தீர்ப்பளித்தது. முன்பணம் வேறு, விலையின் பகுதி வேறு. மனையின் மதிப்புக் குறைந்ததாகச் சான்றில்லை. ஆகவே 1,000 ரூபாய்க்கு மேல் பிடித்துக்கொள்ள இயலாது என்றது. மனையை அனுபவித்த காலத்திற்குரிய தொகையை மட்டும் வாங்க வந்தவர் செலுத்த வேண்டியதாயிற்று.

நியாயம் கிடைத்தது, ஆனால் பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. எளியவர் அத்துணைக் காலம் வழக்காட முடியுமா? இக்குறையைப் போக்கவே 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அண்டையிலுள்ள குருகிராமத்துக் குடியிருப்பு வழக்கொன்றில், வாங்குவோர் தாமதித்தால் 18 விழுக்காடு வட்டி, கட்டுவோர் தவறினால் 9 விழுக்காடே என்றிருந்தது ஒப்பந்தம். இத்தகைய ஒருதலையான விதிகள் வாங்குவோரைக் கட்டா என 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது.

2020 சூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், அளவுமீறிய வைப்புத்தொகை, இழப்புக்குப் பொருந்தாத தண்டம் ஆகியவற்றை நியாயமற்ற ஒப்பந்தத்தின் அடையாளங்களாக்கிற்று. அத்தகைய ஒப்பந்தத்தைப் பற்றி மாநில ஆணையத்தில் முறையிடலாம். நம்மவர்க்கு இன்னொரு நன்மையும் உண்டு: நாம் குடியிருக்கும் அல்லது தொழில்புரியும் இடத்திலேயே முறையீடு செய்யலாம். சென்னை நிறுவனத்தின்மீது தில்லியிலிருந்தே வழக்காடலாம்.

ஒன்றை மறத்தலாகாது. பிரித்தானியாவில் 1964ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டு வாயிலில் தவணைமுறையில் வாங்கியோர் மனம் மாறுவதற்கு நான்கு நாள் அவகாசம் அளித்தது. நம் நாட்டில் எல்லா வாணிகத்துக்கும் அத்தகைய பொது உரிமை இல்லை. ஆயுள் காப்புறுதி போன்ற சிலவற்றுக்கே தனி அவகாசம் உண்டு. ஆதலின் படித்தபின் கையொப்பமிடுவோம். படியொன்றும் பற்றுச்சீட்டும் பெற்றுவைப்போம். விலகுவதை எழுத்திலேயே தெரிவிப்போம். அதன்பின்னும் ‘திரும்பாது’ என்பாராயின், ‘தங்களுக்கு நேர்ந்த இழப்பு எவ்வளவு?’ என்று வினவுவோம். அலிப்பூர் சாலை வழக்கு நமக்குத் தந்த வினா அதுவே.