கப்பல் காப்புறுதியும் முன்னோர் கற்ற சிக்கனமும்



கோலா சாவாவிலிருந்து போர்ட்டிக்சன் கடற்கரை வெகு தொலைவில் இல்லை. விடுமுறை நாள்களில் மீன் பிடிப்பதற்காக, எம் மாணவர் ஒருவரின் தந்தையார் தம் சேமிப்பைக் கொண்டு சிறு படகொன்றை வாங்கியிருக்கிறார். அண்மையில் என்னிடம், "படகின் விலையில் பாதியை மட்டும் காட்டிக் காப்புறுதி எடுத்தால் பணம் மிச்சமாகும் அல்லவா, ஐயா?" என்று கேட்டார். அக்கேள்வியே என்னை வரலாற்றைப் புரட்ட வைத்தது.

காப்புறுதி நிறுவனங்கள் தோன்றுவதற்கு முன்னரே கடலின் ஆபத்துக்கு ஒரு விலை இருந்தது. அது வட்டியாக வசூலிக்கப்பட்டது. நூறு பணத்திற்கு மாத வட்டியாக ஒன்றேகால் பணமே முறையானது என்கிறது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். ஆயினும் வணிகர்க்கு 5, காட்டு வழிச் செல்வோர்க்கு 10, கடலோடிகளுக்கு 20 பணம் என அந்நூல் உயர்த்தி வகுக்கிறது. ஆபத்து கூடக் கூட வட்டியும் கூடியது. எனவே செலவைக் குறைக்க விரும்பியவர் முதலில் ஆபத்தைக் குறைக்க வேண்டியிருந்தது.

நம் வணிகர் அதனைச் செய்தனர். பருவக்காற்றை அறிந்து பாய் விரித்தனர். தனித்து நில்லாமல் குழுவாக இணைந்தனர். சுமத்திராவின் பாரூஸ் துறைமுகத்தில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழு, கப்பல் தலைவரும் மாலுமிகளும் கஸ்தூரி விலையைக் கணக்கிட்டுப் பொன் செலுத்த வேண்டும் என விதித்ததைக் கூறுகிறது. கடல் கடந்த ஊரிலும் குழுவின் ஒழுங்கு செல்லுபடியானது.

அடுத்தது அரசரின் வாக்குறுதி. ஆந்திரக் கரையில் உள்ள மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னர் கணபதிதேவர் 1244இல் ஓர் அபய சாசனம் பொறித்தார். புயலில் உடைந்து கரை ஒதுங்கிய கப்பல்களின் சரக்கு முழுவதையும் முன்னைய அரசர்கள் பறித்து வந்தனர். அவ்வழக்கத்தை நீக்கி, உரிய சுங்கம் தவிர எதனையும் எடுப்பதில்லை என அவர் உறுதியளித்தார். ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் சுங்கம் முப்பதில் ஒரு பங்கு. கப்பல் உடைந்தாலும் குடும்பம் உடையாது என்ற நம்பிக்கையை அந்தக் கல் தந்திருக்கும்.

இனி அந்தத் தந்தையாரின் கேள்விக்கு வருவோம். பாதி மதிப்புக்குக் காப்புறுதி எடுப்பவர், மீதிப் பாதிக்குத் தாமே காப்புறுதியாளர் ஆகிறார். இங்கிலாந்தின் 1906ஆம் ஆண்டுக் கடல்சார் காப்புறுதிச் சட்டமும் இவ்வாறே கூறுகிறது. ஆகவே அது சிக்கனமன்று. ஆபத்தை வீட்டுக்குள் ஒளித்து வைப்பதாகும். உண்மையான மதிப்பைச் சொல்லுங்கள். சிறு பழுதுகளின் செலவை நாமே ஏற்றால் கட்டணம் எவ்வளவு குறையும், படகைக் கரையில் ஏற்றி வைக்கும் மாதங்களுக்குச் சலுகை உண்டா என்று கேளுங்கள். இரண்டு மூன்று நிறுவனங்களின் கட்டணத்தை ஒப்பிடுங்கள். தீயணைப்புக் கருவியும் மிதவைச் சட்டையும் படகில் இருக்கட்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விழுக்காடு கற்பிக்கும் நாளில் மோட்டுப்பள்ளியின் முப்பதில் ஒரு பங்கைக் கரும்பலகையில் எழுதுங்கள். கணக்கும் வரலாறும் ஒருசேரப் பிள்ளைகளின் மனத்தில் நிற்கும்.