கார்பன் மோனாக்சைடு அலாரம்

எரிபொருள் அரைகுறையாக எரியும்போது உண்டாகும், நிறமும் மணமும் அற்ற நச்சுவாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி. இவ்வாயு ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்; தலைவலி, குமட்டல், மயக்கம் என்று ஆளைச் சாய்த்துவிடும்.

தென்காசி மாவட்டத்து விசைத்தறி நகரான சங்கரன்கோவிலில் குளிர்காய நெருப்பு மூட்ட வேண்டியதில்லை; வெயிலுக்குத்தான் அங்கே பஞ்சமில்லையே. ஆனால் சன்னலில்லாத குளியலறையில் கேஸ் கீசரும், மின்தடையில் வீட்டையொட்டி ஓடும் ஜெனரேட்டரும் அங்கும் ஆபத்துதான். கொடைக்கானல் போன்ற மலையூர்களில் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவடைத்துத் தூங்கியவர்கள் இறந்ததுண்டு.

அலாரத்தைப் படுக்கையறையில், படுத்திருப்பவர் மூச்சுவிடும் உயரத்தில் மாட்டலாம். இவ்வாயு ஏறக்குறையக் காற்றின் எடையே கொண்டது. எங்கும் கலந்து பரவும். தரையையொட்டிப் பொருத்தும் சமையல் எரிவாயுக் கசிவு அலாரம் வேறு. இதற்கு அது உதவாது. ஐரோப்பியத் தரப்படி காற்றில் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) அளவில் 60 முதல் 90 நிமிடத்துக்குள்ளும், 300 பிபிஎம்மில் 3 நிமிடத்துக்குள்ளும் அலற வேண்டும். நிமிடத்துக்கொரு 'கீச்' என்றால் பெரும்பாலும் பேட்டரி தீர்கிறது. விடாமல் அலறினால் எல்லோரும் உடனே வெளியேறி, 108-ஐ அழைக்க வேண்டும். சென்சாரின் ஆயுள் பொதுவாக 5 முதல் 10 ஆண்டு.