பிடிமண் யார் கையில்? புதுக்கோட்டைப் புரவி எடுப்பும் மரபுச் சுற்றுலாவின் உரிமைச் சிக்கலும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் சுற்றுலா வரைபடம் பெரும்பாலும் கல்லால் ஆனது. சித்தன்னவாசல் குடைவரை, நார்த்தாமலையின் விசயாலய சோழீச்சரம், திருமயம் கோட்டை ஆகியவை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. அவற்றை ஆக்கியவர்களும் முதலில் புழங்கியவர்களும் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. சித்தன்னவாசல் ஓவியத்தைக் காண எந்தச் சமண முனிவரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை, நுழைவுச்சீட்டு போதும். ஆனால் இதே வரைபடத்தில் இன்னொரு வகை இடமும் சேர்ந்துவருகிறது: ஊர்க்கோடியிலும் கோயில்காட்டிலும் குதிரைகள் வரிசைகட்டி நிற்கும் அய்யனார் கோயில்கள். கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்தில், பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலின் சுமார் 33 அடி உயரக் குதிரை மாசிமகத்தன்று காகிதப்பூ மாலைகளுக்குள் மறைந்துபோகும் காட்சி நாளிதழ்களுக்குப் பழகிய படம். கல்லுக்கு வகுத்த சுற்றுலா முறையை இந்த இடங்களுக்கும் அப்படியே பொருத்துவது பிழை. வழிபாட்டில் இருக்கும் மரபைக் காட்சியாக்கும்போது எதை, எப்போது, யாருக்குக் காட்டுவது என்று முடிவுசெய்யும் உரிமை அதை நடத்துவோரிடமே இருக்க வேண்டும். அந்த உரிமைக்கான வடிவத்தை வெளியிலிருந்து கடன் வாங்க வேண்டியதும் இல்லை. பிடிமண் கொடுக்கும் வழக்கத்திலேயே அது உள்ளது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அய்யனாருக்கு மண்குதிரை செய்து காணிக்கையாக்கும் புரவி எடுப்பு குதிரையில் தொடங்குவதில்லை; ஊர்க்கூட்டத்தில் தொடங்குகிறது. இந்த ஆண்டு எடுப்பு நடத்துவது என்று ஊர் முடிவெடுத்த பின், ஒரு பிடி மண்ணை எடுத்து, மண்பாண்டம் வனையும் வேளாரின் கையில் கொடுக்கிறார்கள். அதுவே பிடிமண். அதை வாங்கிக்கொண்ட பிறகுதான் வேளார் வேலையில் இறங்குவார். கண்மாய் மண்ணோடு மணலும் உமியும் வைக்கோலும் கலந்து பிசைந்து, முதலில் உள்ளீடற்ற நான்கு கால்களை எழுப்பி, அவை காயக் காய அவற்றின்மேல் உடலையும் கழுத்தையும் தலையையும் ஏற்றிச் சுடுகிறார். கண் திறக்கும்வரை அது மண்ணுரு. கண் திறந்தபின் அய்யனார் இரவில் காவல் சுற்றும் வாகனம். ஊரார் தோளில் சுமந்து கோயில்காட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் அத்துடன் அதற்கான பராமரிப்பு முடிகிறது. வெயிலிலும் மழையிலும் அது உதிரும். அடுத்த எடுப்பில் பக்கத்திலேயே புதிய குதிரை வந்து நிற்கும். வேளார்களின் தொழிலைப் பற்றி மானிடவியலாளர் ஸ்டீபன் இங்கிலிஸ் 1980இல் வெளியிட்ட நூல் கவனப்படுத்திய ஒன்றை இங்கே நினைவுகூர வேண்டும்: வேளார் வெறும் கைவினைஞர் அல்லர், பல கோயில்களில் அவரே பூசாரியும்கூட. ஆகவே இந்த மரபில் நிலைத்திருப்பது பொருள் அன்று. ஊருக்கும் வேளாருக்கும் தெய்வத்துக்கும் இடையே மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்படும் உடன்பாடு. உடைந்த குதிரைகளுக்கு வேலியிட்டு ரசாயனம் பூசிக் காப்பாற்ற முனைவது, உடன்பாட்டை விட்டுவிட்டு அதன் எச்சத்தைக் காப்பதாகும்.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காத சுற்றுலா என்ன செய்யும் என்பதற்குச் சாமி இனத்தாரின் அனுபவம் சான்று. நார்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா ஆகிய நான்கு நாடுகளின் வடபகுதியில் வாழும் இத்தொல்குடியினரில் ஒரு பகுதியினர் ரெயின்டீர் மான் மேய்ப்பவர்கள். பின்லாந்தின் லாப்லாந்துச் சுற்றுலாவில், சாமி அல்லாத பணியாளர்கள் ‘கக்தி’ எனும் மரபுடையைப் போன்ற ஒன்றை உடுத்து, இல்லாத சடங்குகளை நடித்துக் காட்டிய நிலை நெடுங்காலம் நீடித்தது. கக்தியின் நிறமும் கரையும் உடுத்தவரின் ஊரையும் குடும்பத்தையும் சொல்லும். அதை வேடமாக்கியபோது உடை மட்டும் எஞ்சியது, அது சொல்லிவந்த உறவு அழிந்தது. சாமி மக்கள் சுற்றுலாவை மறுத்து இதை எதிர்கொள்ளவில்லை. தங்கள் கைவினையான ‘துவோட்ஜி’க்கு 1982இல் சான்றுமுத்திரை ஏற்படுத்தினார்கள். நார்வேயில் 1989இலும் சுவீடனில் 1993இலும் பின்லாந்தில் 1996இலும் அவர்களுக்கென நாடாளுமன்றங்கள் அமைந்தன. பின்லாந்துச் சாமி நாடாளுமன்றம் 2018இல் சுற்றுலாவுக்கான அறநெறிக் கோட்பாடுகளை ஏற்றது. ‘காட்டலாமா, கூடாதா’ என்பது அவர்களின் கேள்வியாக இல்லை. ‘யார் முடிவு செய்வது’ என்பதே கேள்வியாக இருந்தது.

இந்த ஒப்பீட்டை ஏற்காதோர் முதலில் எழுப்பும் தடை, புதுக்கோட்டைச் சிற்றூர்கள் தொல்குடிகள் அல்ல என்பது. வேளார்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். பழங்குடிப் பட்டியலில் இல்லை. தொல்குடி உரிமைகள் பற்றிய 2007ஆம் ஆண்டு ஐ.நா. பிரகடனத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தாலும், இந்தியர் அனைவருமே தொல்குடியினர் என்பதே அரசின் நிலைப்பாடு. இந்தத் தடை உண்மையானது. ஆனால் வாதத்தைத் தொடவில்லை. இங்கே ஒப்பிடப்படுவது இன அடையாளம் அன்று, ஒரு மரபுக்கும் அதைச் சுமப்பவருக்கும் உள்ள உறவு. சாமி மக்களின் அரசியல் நிலையைப் புதுக்கோட்டைக்குக் கோருவது மிகை. அவர்கள் கண்டறிந்த நெறியை, அதாவது மரபை நடத்துபவரின் இசைவு முதலில் வர வேண்டும் என்பதை, ஏற்பதற்குப் பழங்குடிச் சான்றிதழ் தேவையில்லை.

இரண்டாவது தடை பொருளாதாரம் சார்ந்தது. எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்தபின் பானை சட்டியால் மட்டும் வேளார் குடும்பம் பிழைக்க முடியாது. சுற்றுலாவும் நகர்ச்சந்தையும்தான் தொழிலைக் காக்கும் என்பார்கள். இதில் பெரும்பகுதி சரி. புரவி எடுப்பும் ஒருபோதும் கூலியில்லாச் சேவையாக இருந்ததில்லை. பணம் தீட்டு என்ற எண்ணம் இந்த மரபில் கிடையாது. சுவீடனின் ஜோக்மோக்கில் 1605 முதல் நடந்துவரும் குளிர்காலச் சந்தை, வணிகமும் மரபும் நானூறு ஆண்டுகள் சேர்ந்து வாழக்கூடும் என்பதைக் காட்டுகிறது. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் நல்லதே. ஆனால் விற்பனைக்குச் செய்யும் குதிரையும் பிடிமண் வாங்கிச் செய்யும் குதிரையும் வேறு வேறு. தில்லி கைவினை அருங்காட்சியகத்திலும் முட்டுக்காடு தட்சிணசித்ராவிலும் நிற்கும் குதிரைகள் வேளாரின் கைத்திறனுக்குச் சான்று; அவற்றின்முன் எவரும் நேர்த்திக்கடன் செலுத்துவதில்லை. முன்னதை எவ்வளவு வேண்டுமானாலும் விற்கலாம். பின்னதை, வந்திறங்கும் பேருந்துகளின் நேரத்துக்கு ஏற்ப நடத்தத் தொடங்கினால் அது எடுப்பாக இராது.

பிழைப்புப் பற்றிய பேச்சு மண்ணைப் பற்றியதாகவும் இருக்க வேண்டும். மான் மேய்ப்பவரின் படத்தை விளம்பரத்தில் போட்டுக்கொண்டே மேய்ச்சல் நிலத்தில் அணை கட்டுவது முரண் என்று சாமி மக்கள் சொல்லிவந்தார்கள். நார்வேயின் ஆல்ட்டா ஆற்று மின்திட்டத்தை எதிர்த்து 1979 முதல் 1981 வரை நடந்த போராட்டம் அந்த முரணைத்தான் உலகறியச் செய்தது. வேளாருக்கு மேய்ச்சல் நிலம் போன்றது கண்மாய். 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் மண்பாண்டத் தொழிலாளர் மண் எடுக்க இடமளிக்கின்றன. ஆயினும் அதிகாரியின் அனுமதி இல்லாமல் ஒரு கூடை எடுப்பதும் குற்றமாகிவிடும். கோயில்காடும் அப்படியே. வீரையும் உலக்கைப் பாலையும் காசாவும் அடர்ந்த இக்காடுகள், அருகிவரும் வறண்ட பசுமைமாறாக் காட்டின் எச்சங்கள். வாகன நிறுத்தத்துக்காக அவற்றை வெட்டிவிட்டுக் குதிரையை மட்டும் காட்டினால், அய்யனார் காவல் காப்பதற்கு அங்கே ஒன்றும் இராது.

மூன்றாவது தடையே வலுவானது. ‘ஊரின் இசைவு’ என்கிறீர்களே, எந்த ஊர்? கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்பதில் வழக்குகள் நடக்கும் நாடு இது. சாதியின் பேரால் சிலர் வழிபாட்டின் எல்லையிலேயே நிறுத்தப்படும் இடங்களும் உண்டு. உரிமையை ஊரிடம் கொடுப்பது அம்பலக்காரரிடம் கொடுப்பதாக முடியாதா? சாமி மக்களிடமும் இதற்கு இணையான பூசல் உண்டு: மான் மேய்ப்போருக்கும் மேய்க்காதோருக்கும் இடையே நலன்கள் மோதுகின்றன, பின்லாந்தில் வாக்காளர் பட்டியலில் யார் இடம்பெறலாம் என்பது நீதிமன்றம்வரை சென்றது. எனவே ‘சமூகம்’ என்ற சொல்லை ஒற்றை மனிதராகக் கொள்ள முடியாது. ஆனால் இந்தத் தடையிலிருந்து கிடைக்கும் முடிவு, உரிமையைச் சுற்றுலாத் துறைக்கோ விடுதிக்கோ மாற்ற வேண்டும் என்பதன்று. இசைவு பெறும் மன்றத்தை விரிவாக்க வேண்டும் என்பதே. 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டப்படி வாக்காளர் அனைவரும் உறுப்பினராக உள்ள கிராம சபை நம்மிடம் இருக்கிறது. கோயில் மரியாதையில் பங்கில்லாதவருக்கும் அங்கே குரல் உண்டு. குறைந்தபட்சம் சட்டம் அதை உறுதி செய்கிறது.

இவற்றிலிருந்து மூன்று நெறிகள் கிடைக்கின்றன. அய்யனார் கோயில் எதையும் சுற்றுலாப் பட்டியலில் சேர்க்கும்முன் கிராம சபையின் தீர்மானமும், அதனின்று தனியாக வேளார் குடும்பங்களின் இசைவும் பெற வேண்டும். கண் திறப்பு போன்றவற்றைப் படமெடுக்க விடுவதும் மறுப்பதும் அவர்கள் முடிவாக இருக்க வேண்டும். சுற்றுலா வருமானத்தின் முதல் செலவு கண்மாய் மண்ணுக்கும் கோயில்காட்டுக்கும் உரியதாக வேண்டும். இவை புதியவை அல்ல. பிடிமண் கொடுக்காமல் குதிரை செய்யக் கூடாது, கொடுத்தாலும் வேளார் வாங்கிக்கொண்டால்தான் வேலை தொடங்கும் என்ற பழைய ஒழுங்கின் நீட்சிகள். கேட்பது, கொடுப்பது, ஏற்பது என்ற இந்த மூன்றையும் ஒரு பிடி மண்ணில் அடக்கிவைத்த ஊர்களுக்குச் சுற்றுலா வர வேண்டுமானால், அதுவும் அந்த வரிசையில் நின்று பிடிமண் கேட்டுத்தான் வர வேண்டும்.