திருவாதிரையோடு நின்ற வரிசை

அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை. திருநள்ளாற்றில் அர்ச்சனைத் தட்டை நீட்டுகிறவர்கள் குருக்களிடம் சொல்லும் நட்சத்திரங்கள் இவை. எங்கள் கோட்டுச்சேரிமேட்டில் எந்த வீட்டில் விசாரித்தாலும் இவற்றில் ஒன்றில் பிறந்தவர் ஒருவராவது இருப்பார். இதே பெயர்களைச் சூடிக்கொண்டு ஆறு விமானங்கள் இந்திய வானத்தில் பறந்தன. ஆறுக்கும் எஞ்சின் கிடையாது. மரமும் துணியும் பசையுமாக உருவான கிளைடர்கள் அவை. இந்தியர்கள் வரைந்து, இந்தியத் தச்சர்கள் இழைத்து, இந்தியப் பிள்ளைகள் ஓட்டிப் பழகியவை. அசுவினியில் தொடங்கிய அந்த வரிசை திருவாதிரைக்கு மேல் போகவில்லை. ஏழாவதாக ஒரு புனர்பூசம் பிறக்கவே இல்லை. அந்த வரிசைக்கான அஞ்சலி இது.

கிளைடர் எப்படிப் பறக்கிறது என்பதை எங்கள் ஊர் வயல்வெளியில் நின்றால் எவரும் பார்க்கலாம். சம்பா அறுவடை முடிந்து அரிதாள் காய்ந்து கிடக்கும் மாசி, பங்குனியில், காலை பதினோரு மணி வாக்கில் கருடன் ஒன்று வயலுக்கு மேலே வட்டமிடத் தொடங்கும். சிறகை ஒருமுறைகூட அடிக்காது. சூடேறிய தரையிலிருந்து கிளம்பும் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகும். சற்று நேரத்தில் இன்னும் இரண்டு மூன்று அதே காற்றுத் தூணுக்குள் வந்து சேர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றும். பிற்பகலில் கடலிலிருந்து கொண்டல் ஏறி வந்ததும் தரை குளிர்ந்து, தூண் கலைந்து, கருடன்கள் மேற்கே உள்நாட்டுப் பக்கம் நகர்ந்துவிடும்.

கிளைடர் ஓட்டியும் இதைத்தான் செய்கிறார். அவருடைய விமானம் காற்றுக்குள் எப்போதும் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது; நொடிக்கு ஒரு மீட்டர் அளவில். அதைச் சுற்றியுள்ள காற்று நொடிக்கு இரண்டு மூன்று மீட்டர் மேலே ஏறினால் விமானமும் சேர்ந்து ஏறுகிறது. ஏறும் காற்று எங்கே இருக்கிறது என்று தேட உலகம் முழுக்கக் கிளைடர் ஓட்டிகள் பறவைகளைப் பார்க்கிறார்கள். மணிக்கணக்கில் மேலே நிற்கலாம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகலாம். சொட்டு எரிபொருள் செலவில்லை.

ஏழை நாடுகளும் தோற்ற நாடுகளும் புதிதாகப் பிறந்த நாடுகளும் கிளைடரை நேசித்ததற்குக் காரணம் இதுதான். முதல் உலகப் போருக்குப் பிறகு போர் விமானங்கள் வைத்துக்கொள்ள ஜெர்மனிக்குத் தடை வந்தபோது அதன் இளைஞர்கள் 1920இல் வாசர்குப்பே மலைச்சரிவில் கிளைடர்களோடு கூடினார்கள். பால்டிக் கடலோரத்தில் லிதுவேனியர்கள் 1933இல் நிடா என்ற ஊரின் மணல்மேடுகளில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். கடல்காற்று மணல்மேட்டில் மோதி மேலெழும். அந்த எழுச்சியில் பிள்ளைகள் பறக்கப் பழகினார்கள்.

இந்தியாவில் கதை போரோடு தொடங்குகிறது. 1940 டிசம்பரில் தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த் பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். ஜெர்மனியின் கோட்டிங்கனில் விமானவியல் அறிஞர் பிராண்டலிடம் ஆய்வு செய்து திரும்பியிருந்த வி.எம்.காட்கே, அங்கே பத்துப் பேர் உட்காரக்கூடிய ஜி-1 என்ற படைவீரர் கிளைடரை வடிவமைத்தார். 1941இல் அது பறந்தது. அந்த நிறுவனத்தின் முதல் சொந்த வடிவமைப்பு அதுதான். செய்தது ஒன்றே ஒன்று. அதோடு அந்தத் திட்டம் முடிந்தது. காட்கே பின்னாளில் எச்.டி-2 பயிற்சி விமானத்தை வடிவமைத்து, இந்திய விமானவியலின் மூத்த பெயர்களில் ஒன்றானார்.

நட்சத்திர வரிசை பிறந்தது டெல்லியில், சப்தர்ஜங் விமானத் திடலில். சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையம் அங்கே இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் கிளைடர் மன்றங்கள் பல ஊர்களில் முளைத்தன. வெளிநாட்டிலிருந்து வாங்கிய கிளைடர்கள் தேய்ந்துகொண்டிருந்தன. புதிதாக இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி கிடையாது. நாமே செய்தால் என்ன என்று அந்த மையம் துணிந்தது. வடிவமைப்புக்குத் தலைமை வகித்தவர் எஸ்.ராமாமிர்தம். காவிரிக் கரையில் தெருவுக்கு ஒருவர் வைத்திருந்த பெயர் அது. விமானவியல் புத்தகங்களில் அந்தப் பெயர் அச்சாகியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

1958இல் அசுவினி பறந்தது. பரணி ஒற்றை இருக்கை கொண்டது. 1961இல் ரோகிணி வந்தது; வரிசையிலேயே அதிகம் உழைத்த பிள்ளை அதுதான். ஆசிரியரும் மாணவரும் ஒருவர் பின்னால் ஒருவராக அல்லாமல், பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் அமைப்பு அதற்கு. ஆசிரியரின் கை எங்கே நகர்கிறது, கண் எங்கே பார்க்கிறது என்பதை மாணவர் பார்த்தபடியே கற்றுக்கொள்ளலாம். ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸும் வீகல் நிறுவனமும் ரோகிணியை நூறைத் தாண்டிய எண்ணிக்கையில் கட்டின. நாட்டின் கிளைடர் மன்றங்களில் ஒரு தலைமுறை அதில்தான் தரையை விட்டு எழுந்தது.

1963இல் கார்த்திக் பறந்தது. பள்ளிப் பயிற்சிக்கு அப்பால், தூரம் போகவும் போட்டியில் இறங்கவும் ஆசைப்பட்டவர்களுக்கான ஒற்றை இருக்கைக் கிளைடர். 15 மீட்டர் இறக்கை. ஒரு கிலோமீட்டர் உயரத்தில் விட்டால் அசையாத காற்றில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளிப் போய் இறங்கும். மரத்தில் செய்த விமானத்துக்கு அது நல்ல கணக்கு. 1970இல் மிருகசீர் அதே பாதையில் தொடர்ந்தது. 1979இல் ஆர்த்ரா, அதாவது நம் திருவாதிரை, இரட்டை இருக்கைப் பயிற்சிக் கிளைடராக வந்தது. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவுப் பிள்ளைகளுக்காக ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் அதைக் கான்பூரில் கட்டியது. இடையில் 1967இல் அதே மையம் எஞ்சின் பூட்டிய சிறு விமானம் ஒன்றையும் பறக்கவிட்டு, அதற்குக் கடைசி நட்சத்திரமான ரேவதியின் பெயரைச் சூட்டியது.

இந்த விமானங்கள் எப்படிப் பிறந்தன என்பதைச் சொல்லியாக வேண்டும். இறக்கையின் முதுகெலும்பு நீண்ட மரச்சட்டம். அதில் மெல்லிய விலாச் சட்டங்களை வரிசையாகப் பொருத்துவார்கள். ஒவ்வொரு விலாவின் வளைவும் வரைபடத்தோடு இழை பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். வளைவு தவறினால் இறக்கைக்கு எழும்பும் பலம் குறைந்துவிடும். முன்விளிம்பில் ஒட்டுப்பலகையை வளைத்துப் பசை வைத்து இறுக்கிக் காயவிட வேண்டும். மீதிப் பரப்பில் துணியைப் போர்த்தி, டோப் என்ற திரவத்தைப் பூச்சுமேல் பூச்சாகப் பூசினால் துணி சுருங்கி விறைக்கும். பசை காயும் நாளின் ஈரப்பதம்கூடக் கணக்கில் வரும். பொறியாளரின் கணக்கும் தச்சரின் விரலும் ஒரே மேசையில் சந்தித்தால்தான் இது நடக்கும்.

பறக்கவிடுவதும் தனி ஆளால் முடிகிற காரியம் இல்லை. திடலின் ஒரு கோடியில் கிளைடர். மறுகோடியில், ஒரு கிலோமீட்டர் தள்ளி, வடத்தைச் சுருட்டி இழுக்கும் வின்ச் இயந்திரம். இரண்டுக்கும் நடுவே எஃகு வடம். ஒரு பையன் இறக்கை நுனியைப் பிடித்துச் சமமாக நிறுத்துவான். இன்னொருவன் கொடியோ விளக்கோ காட்டுவான். வின்ச்காரர் வேகத்தைக் கூட்டினதும் வடம் விறைக்கும். கிளைடர் சில அடி ஓடி, மாடியிலிருந்து விட்ட பட்டம்போல் செங்குத்தாக ஏறும். ஒரு நிமிடத்துக்குள் முந்நூறு மீட்டர். ஓட்டி பிடியை இழுத்து வடத்தைக் கழற்றிவிட்டதும் சத்தம் அத்தனையும் அடங்கிக் காற்று உரசும் ஓசை மட்டும் மிஞ்சும். கீழே இன்னொரு பையன் ஜீப்பில் போய் விழுந்த வடத்தை இழுத்துவருவான். பறந்தவன் இறங்கினதும் அவனும் வடம் இழுக்க வேண்டும். அதுதான் மன்றத்தின் சட்டம். பணக்கார வீட்டுப் பையனும் குமாஸ்தா வீட்டுப் பையனும் ஒரே வடத்தை இழுத்தார்கள்.

கண்ணாடிக்கு வெளியே, ஓட்டியின் பார்வைக்கு நேராக ஒரு சாண் கம்பளி நூலை ஒட்டியிருப்பார்கள். விமானம் நேராகப் போனால் நூல் நேராகக் கிடக்கும். பக்கவாட்டில் வழுக்கினால் நூல் சாயும். காலணாவும் பெறாத அந்த நூல் சொல்வதைக் கோடி ரூபாய்க் கிளைடரின் ஓட்டியும் இன்றுவரை கேட்டு நடக்கிறார். காற்றைக் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் வித்தை இது. எஞ்சின் இருந்தால் தப்பை எஞ்சின் மறைத்துவிடும். கிளைடரில் தப்புக்கு உயரத்தால் விலை கொடுக்க வேண்டும். இறங்கும்போது இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அதனால்தான் நல்ல விமானிகள் பலர் கிளைடரில் தொடங்கியதைப் பெருமையாகச் சொல்கிறார்கள்.

இத்தனை இருந்தும் வரிசை ஏன் அறுந்தது? முதல் அடி உலகத் தொழில்நுட்பத்திலிருந்து வந்தது. 1957இலேயே ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழக மாணவர் குழுவிலிருந்து ஃபீனிக்ஸ் என்ற கண்ணாடியிழைக் கிளைடர் பறந்திருந்தது. மரத்தில் முடியாத வழுவழுப்பும் மெல்லிய இறக்கையும் கண்ணாடியிழையில் முடிந்தன. எழுபதுகளில் போட்டிக் களம் முழுக்க அதன் கைக்குப் போய்விட்டது. ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு 40, 50 கிலோமீட்டர் என்று கணக்கு மாறியபோது நாம் இன்னும் மரத்தில் இருந்தோம்.

ஆனால் தொழில்நுட்பம் மட்டும் இந்த வரிசையைக் கொன்றது என்று நான் நினைக்கவில்லை. வரைந்தது அரசு; தகுதிச் சான்று கொடுத்தது அரசு; வாங்கியதும் பெரும்பாலும் அரசுதான். மன்றங்கள் அரசு மானியத்தில் நின்றன. மானியம் மெலிந்ததும் மன்றம் மெலிந்தது. மன்றம் மெலிந்ததும் புதிய கிளைடர் கேட்க ஆளில்லை. கேட்க ஆளில்லாத இடத்தில் வரைபலகைக்கு என்ன வேலை? விமானத் துறைக்குப் பயணிகள் விமானங்களை மேற்பார்வையிடும் பணி ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. 1990இல் அதே துறையின் வடிவமைப்பில் ஸ்வாதி என்ற எஞ்சின் பயிற்சி விமானம் பறந்தது. கிளைடர்கள் திரும்பி வரவில்லை. திடல்களை நகரங்கள் சூழ்ந்துகொண்டன. டெல்லியின் நடுவே அகப்பட்ட சப்தர்ஜங்கில் 2001க்குப் பின் பாதுகாப்புக் காரணம் சொல்லிப் பயிற்சிப் பறப்புக்கு வழி அடைபட்டது. பிறந்த வீட்டு முற்றமே பூட்டப்பட்டது.

இப்போது லிதுவேனியாவைப் பார்க்க வேண்டும். பரப்பில் நம் தமிழ்நாட்டின் ஏறத்தாழ பாதியே உள்ள நாடு. சோவியத் ஆட்சிக்குள் இருந்தபோதே பிரோனியுஸ் ஓஷ்கினிஸ் என்ற வடிவமைப்பாளர் பள்ளிப் பிள்ளைகளுக்காக எளிய மரக் கிளைடர்களை வரைந்துகொண்டே இருந்தார். அவருடைய ப்ரோ-11 சோவியத் நிலம் முழுக்கப் பிள்ளைகளைத் தரையிலிருந்து சில மீட்டர் தூக்கிக் காட்டியது. பிரியெனாய் என்ற சிற்றூரில் தொழிற்சாலை எழுந்தது. பாலிஸ் கார்வெலிஸ் 1972இல் கண்ணாடியிழைக்கு மாறினார். அந்த வழியில் லாக்-12 வந்தது. இறக்கை 20 மீட்டருக்கும் மேல். சோவியத் ஒன்றியம் உடைந்தபோது தொழிற்சாலையின் பெரிய வாடிக்கையாளரே மறைந்துபோனார். தொழிற்சாலை சாகவில்லை. கரியிழையில் லாக்-17ஐச் செய்து மேற்கு நாட்டு மன்றங்களுக்கு விற்றது. மூக்கில் மடங்கும் மின் உந்துவிசிறியோடு அது இன்றும் வருகிறது. பிரியெனாய்க்குப் பக்கத்துத் திடலான பொசியூனாயில் 2016இல் உலகக் கிளைடர் போட்டியே நடந்தது.

அவர்கள் நம்மைவிடப் புத்திசாலிகள் இல்லை, செல்வந்தர்களும் இல்லை. வரைகிறவர், செய்கிறவர், பறக்கிறவர் மூவரும் ஒரே ஊரில், ஒரே திடலின் ஓரத்தில் இருந்தார்கள். காலையில் பறந்தவர் சொன்ன குறை மாலையில் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. மரத்திலிருந்து கண்ணாடியிழைக்கும், அதிலிருந்து கரியிழைக்கும் அறிவு கைமாறியதே தவிர அறுந்துபோகவில்லை. சப்தர்ஜங்கில் இருபது ஆண்டுகள் நமக்கு இதே அமைப்பு வாய்த்திருந்தது. அதை ஒரு செல்வமாக நாம் எண்ணவில்லை.

தேசிய மாணவர் படைக்கு இன்று எஞ்சின் பூட்டிய சிறு விமானங்கள் வந்துவிட்டன. விமானப் படை வாங்கிய விரஸ் எஸ்டபிள்யூ-80 அவற்றில் ஒன்று; செய்தது ஸ்லோவேனியாவின் பிப்பிஸ்ட்ரல். மக்கள்தொகையில் சென்னையின் பாதியைக்கூட எட்டாத இன்னொரு குட்டி நாடு. விமானம் நல்ல விமானம். பிள்ளைகள் அதில் பறப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஆர்த்ராவில் ஏறிய பையன், இதை நம் ஆள் ஒருவர் வரைந்தார், நானும் ஒருநாள் வரையலாம் என்று நினைத்திருப்பான். அந்த நினைப்புக்கு இப்போது வழியில்லை.

எஞ்சியிருக்கும் ரோகிணிகளும் கார்த்திக்குகளும் கொட்டகை மூலையில் கரையானுக்குப் போகும் முன் மீட்கப்பட வேண்டும். வரைபடங்களைப் பொறியியல் கல்லூரிகளுக்குத் திறந்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் விமானவியல் படிக்கிற பிள்ளைகள் ஏராளம், குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949லிருந்து அதைக் கற்பிக்கிறது. ஒரு கல்லூரி, கடற்கரையை விட்டுத் தள்ளிய ஒரு பழைய ஓடுதளம், ஒரு தச்சுப் பட்டறை, ஒரு வின்ச் இவை கூடினால் ஏழாவது கிளைடரை மாணவர்களே கட்டிவிடலாம். ஜெர்மனியில் மாணவர் குழுக்கள் நூறாண்டாக அதைத்தான் செய்துவருகின்றன. செத்துப்போன மனிதருக்கு அஞ்சலி செலுத்துவதோடு நம் கடமை முடிந்துவிடும். செத்துப்போன தொழிலுக்கு அது போதாது. அதை மறுபடி கையில் எடுப்பவர்கள் வேண்டும்.