புளியங்கொட்டைத் தோல் தீவனமான கதை

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வாளன்புளி வாங்குகிறவர்கள் கொட்டை எடுத்ததா என்று கிள்ளிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். எடுத்த கொட்டைக்கும் ஒரு பிழைப்பு உண்டு. வறுத்து, தோலுரித்து, பருப்பை மாவாக்கினால் பாவுக்குக் கஞ்சி போடத் துணி ஆலைகள் வாங்கிக்கொள்ளும். மிஞ்சுவது செம்பழுப்புத் தோல். வாயில் போட்டால் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. டானின் என்னும் பொருள் தரும் துவர்ப்பு அது.

இந்தத் துவர்ப்புக்கும் மாட்டின் ஏப்பத்துக்கும் தொடர்பு உண்டு. மாடு வைக்கோலைத் தானாகச் செரிப்பதில்லை. முதல் இரைப்பையான ரூமனில் குடியிருக்கும் பாக்டீரியா, பூஞ்சை, ஓரணு உயிர்கள் எல்லாம் சேர்ந்து நாரை உடைத்து, மாட்டுக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களாக்கித் தருகின்றன. அப்போது ஹைட்ரஜன் வெளிவரும். அது தேங்கினால் நொதிப்பே மந்தப்பட்டுவிடும். அதை அள்ளி, கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேனாக்குவது ஆர்க்கியா என்னும் வேறொரு கூட்டம். இவையும் பாக்டீரியாதான் என்று நம்பியிருந்த உலகுக்கு, இவை தனி வம்சம் என்று 1977இல் காட்டியவர்கள் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும். மீத்தேன் பெரும்பாலும் வாய்வழி ஏப்பமாகவே போகிறது. கறவை மாடு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 200 லிட்டர் விடுகிறது. புவி சூடேறுவது ஒருபக்கம் இருக்கட்டும். தின்ற தீவனத்தின் ஆற்றலில் 2 முதல் 12 சதவீதம் இப்படிக் காற்றோடு போகிறது. கடன் வாங்கித் தீவனம் போடுகிறவரின் காசு அது. எனக்கு ஆற்றாமை அதில்தான்.

ஆனாலும் ஆர்க்கியாவை அடியோடு ஒழித்துவிட முடியாது. ஹைட்ரஜனுக்கு ஒரு போக்கிடம் வேண்டுமே. டானின் அவற்றை அடக்கி வைக்கிறது. அவற்றைச் சுமந்து திரியும் ஓரணு உயிர்களையும் குறைக்கிறது. அளவு மிஞ்சினாலோ தீவனத்துப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். மாடு தீனியில் வாய் வைக்காது. ஆக, எவ்வளவு போடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதில் இறங்கியது பெங்களூருவில் 1995இல் தொடங்கிய தேசிய விலங்கு ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம். பலன் தெரிய ஏப்பத்தை அளக்கவேண்டும். அதற்கென்றே ஒரு முறை உண்டு. சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு வாயுவைச் சீராகக் கசியவிடும் சிறு குப்பியை ரூமனுக்குள் இறக்குவார்கள். மூக்கருகே மெல்லிய குழாய் வைத்து, மூச்சுக் காற்றைக் கழுத்தில் மாட்டிய கலனில் பிடிப்பார்கள். கசிவின் அளவு தெரியும் என்பதால் மீத்தேன் எவ்வளவு என்று கணக்கிட்டுவிடலாம்.

புளியங்கொட்டைத் தோலிலிருந்து அந்த நிறுவனத்தில் பிறந்த தீவனச் சேர்க்கைதான் ‘டாமரின் பிளஸ்’. டானின் நிறைந்த தாவரங்களைக் கொண்டு செய்த ‘ஹரித் தாரா’வும் அங்கே பிறந்ததுதான். இவற்றால் மீத்தேன் 17 முதல் 20 சதவீதம் குறையும் என்கிறார்கள். ரூமன் முழுதாக வேலை செய்யத் தொடங்காத இளங்கன்றுக்கு இவை ஆகா.

கேரளத்தில் பலர் வீட்டில் ஒன்றிரண்டு மாடுதான். விடியற்காலைக் கறவை அவசரத்தில் இவற்றைத் தனியாக அளந்து கலக்கச் சொல்வது நியாயமில்லை. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பால் கூட்டுறவு அமைப்பான மில்மாவுக்குப் பட்டணக்காட்டிலும் மலம்புழையிலும் தீவன ஆலைகள் இருக்கின்றன. அளவு பிசகாமல் அங்கேயே கலந்து, மூட்டை விலை ஏறாமல் பால் சங்கம் வழியாக வீட்டுக்கு வரவேண்டும்.