நான்கு காசு பார்த்த முந்திரி

பிப்ரவரி பிறந்தால் ஐவரி கோஸ்டில் முந்திரி உதிரும். விவசாயி கையில் விழுவது சி.எப்.ஏ. பிராங்க், யூரோவோடு முடிச்சுப் போட்ட காசு. 80 கிலோ மூட்டையாகிக் கப்பலேறும்போது விலை டாலருக்கு மாறும். தூத்துக்குடியில் இறங்கி, லாரியில், முந்திரி ஆலைகள் உள்ள காடாம்புலியூர் வந்த பிறகுதான் ரூபாய்.

சுற்றிலும் முந்திரித் தோப்புள்ள ஊருக்கு ஆப்பிரிக்கக் கொட்டை எதற்கு? நம் தோப்பின் மகசூல் ஆலைகளுக்கு வருடம் முழுக்கக் காணாது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் சாய்த்த முதுமரங்களின் இடத்தில் வைத்த கன்றுகள் காய்ப்புக்கு வரவே பல வருடம் பிடித்தது.

வந்த கொட்டையைக் காயவைத்து, ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டு உடைக்கிறார்கள். ஓட்டில் கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். அந்தக் கையோடுதான் பெண்கள் பருப்பை முழுசாக எடுக்கிறார்கள். உடைந்தால் விலை இறங்கிவிடும். பிறகு சூட்டில் உலர்த்தி, தொலி நீக்கி, தரம் பிரிப்பு. பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு நின்றால் அது டபிள்யூ 320. நல்ல மூட்டையில் 21 கிலோ பருப்பு தேறும்.

ரூபாய் விழுந்தால் ஏற்றுமதிக்கு லாபம் என்பார்கள். முந்திரியில் அது பாதி உண்மை. கொட்டை டன் 1,500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2025 மே மாதம் டாலர் 85 ரூபாய்க்குப் பக்கம். டன்னுக்கு 1,27,500 ரூபாய். கடனுக்கு வாங்கி, டாலர் 90 ஆனபின் பணம் கட்டுபவருக்கு அதே டன் 1,35,000. பருப்பை அமெரிக்காவுக்கு விற்றால் டாலரில் ஈடுகட்டலாம். ஆனால் அந்த ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டம் அதில் பாதி. போட்டியாளரான வியட்நாமுக்கு அப்போது 20 சதவீதம்தான். எண்ணெய்ச் சண்டைக்கும் முந்திரி உடைப்பவருக்கும் என்ன சம்பந்தம்? கிலோ கணக்கில் கூலி வாங்குபவருக்கு, ஆர்டர் குறைந்தால் அன்றைய கூலியும் குறையும்.

நவம்பர் நடுவில் காப்பி, தேயிலை, மிளகோடு முந்திரிக்கும் அந்த வரியிலிருந்து விலக்கு கிடைத்தது. அமெரிக்கர்கள் கிறிஸ்துமஸுக்குச் சரக்கு வாங்கும் காலம் அதற்குள் கடந்துவிட்டது. அடுத்த மாதமே டாலர் 90ஐத் தாண்டியது. பருப்பை உள்ளூர் இனிப்புக் கடைகளுக்கு விற்பவருக்கு டாலர் வரவே கிடையாது. செலவு மட்டும் டாலரில். வாங்கும் அன்றே டாலர் விலையைக் கட்டிவைக்கும் முன்பேர ஒப்பந்தம் வங்கிகளில் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் பழகிய அந்த வசதியை, குறைந்த ஈட்டில், இந்தச் சிறு ஆலைகளின் வாசலுக்கு வங்கிகள் கொண்டுவர வேண்டும். அதுவும் அடுத்த கொட்டைக்கு விலை பேசுவதற்கு முன்பே.